கிளை என்பது வரவேற்புக் குழுவா?

1964இல் தில்லியில் தனிநாயகம் அடிகள் முதலிய அறிஞர்கள் தோற்றுவித்த உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை, இன்று மாநாட்டால் மட்டுமே அறிகிறோம். 1995இல் தஞ்சையில் கூடிய மாநாடு, அடுத்துக் கோலாலம்பூரில் கூடியது 2015இல்தான். இடையில், அவகாசம் போதாதென்று தலைவர் நொபொரு கராசிமா இசையாமையால், 2010இல் தமிழக அரசு கோவையில் செம்மொழி மாநாட்டைத் தானே நடத்தியது. பந்தலுக்குப் பணம் தருவோரே நாளும் குறிப்பதா? நாம் வேண்டுவது தெளிவான பொறுப்புப் பகிர்வு. கட்டுரைத் தேர்வும் தரமும் காலமும் தலைமை மன்றத்தின் கையில் இருக்கட்டும். ஆண்டுதோறும் ஆய்வரங்கு, இளம் ஆய்வாளர் பயிற்சி, நூலடைவு ஆகியவை அந்தந்த நாட்டுக் கிளைகளின் கடமையாகட்டும். அன்றேல் மன்றம், விழா வாயிலில் கட்டிய வாழைமரமே, வேர் பிடிக்காது.