மிஸ்டர் ரோஜர்ஸ்: ஸ்வெட்டருக்காக ஏங்குபவர்கள் மறந்துபோன கணக்கு

கதவைத் திறந்து உள்ளே வருவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார். உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கேன்வாஸ் ஷூவுக்கு மாறுவார். எந்த அவசரமும் இருக்காது. அந்த வீடியோவைப் பார்த்து, 'இப்படி ஒரு மனுஷன் இனி டிவியில வருவாரா?' என்று இன்றும் உருகுகிறார்கள் அமெரிக்கர்கள்.

யார் இவர்?

ஃப்ரெட் ரோஜர்ஸ். பிட்ஸ்பர்க் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் தயாரான இவருடைய 'மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்', 1968 முதல் 2001 வரை அமெரிக்கா முழுக்கப் பிரபலம். 2003-ல் இறந்தார். 2019-ல் டாம் ஹேங்க்ஸ் இவராக நடித்த படம் வந்தபிறகு, அந்தக் காலத்துக் குழந்தைகளாக இல்லாதவர்களுக்கும் இவர் மேல் பாசம் வந்துவிட்டது.

பாசம் சரி. ஆனால், அவரை வெறும் 'சாந்தமான நல்ல மாமா' ஆக்கிவிடுவதுதான் இடிக்கிறது.

1968-ல் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்தார் ரோஜர்ஸ். அதில் ஒரு புலிக்குட்டி பொம்மை, 'படுகொலைன்னா என்ன?' என்று கேட்கும். 1970-ல், தொட்டியில் செத்துக் கிடந்த மீனை எடுத்து, குழந்தைகள் பார்க்கவே புதைத்தார். சின்ன வயதில் தன் நாய் இறந்தபோது அழுததையும் சொன்னார். கறுப்பினத்தவர் நீச்சல்குளங்களில் விரட்டப்பட்ட வரலாறு ஆறாத 1969-ல், கறுப்பினப் போலீஸ்காரராக நடித்த பிரான்சுவா கிளெமன்ஸை அழைத்து, இருவரும் ஒரே சின்னத் தொட்டியில் கால் நனைத்தார்கள். பெற்றோரின் விவாகரத்து பற்றி ஒரு வாரம் முழுக்கப் பேசினார். இன்றைக்கு எந்தச் சேனல் இதற்குத் துணியும்?

அதெல்லாம் குணத்தால் மட்டும் நடந்ததில்லை. குழந்தை உளவியல் நிபுணர் மார்கரெட் மெக்ஃபார்லண்டிடம் பல வருடங்கள் தொடர்ந்து ஆலோசித்து, வார்த்தை வார்த்தையாகத் திருத்தி எழுதியவர் அவர். நடுவில் விளம்பர இடைவேளை கிடையாது. குழந்தையிடம் பொம்மை விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

காசு எங்கிருந்து வந்தது?

அதுதான் விஷயம். 1969-ல், பொது ஒளிபரப்புக்கு ஒதுக்குவதாக இருந்த 2 கோடி டாலரைப் பாதியாக்க நிக்சன் அரசு நினைத்தது. செனட் குழு முன் போய் உட்கார்ந்தார் ரோஜர்ஸ். ஒரு நிகழ்ச்சிக்கு தன் பட்ஜெட் 6,000 டாலர், அந்தக் காசுக்கு இரண்டு நிமிட கார்ட்டூன்கூட வராது என்று பொறுமையாகச் சொன்னார். ஆறேழு நிமிடப் பேச்சுதான். கறாரான குழுத் தலைவர் ஜான் பாஸ்டோரே இளகி, அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்கிற மாதிரி பேசினார்.

2025 ஜூலையில், பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தது. ரோஜர்ஸ் அன்று எந்த அமைப்புக்காக வாதாடினாரோ, அதே அமைப்பு அடுத்த சில நாட்களில் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. அவர் செனட்டில் பேசிய அந்த வீடியோ இப்போதும் யூடியூபில் இருக்கிறது. நடுவில் விளம்பரம் வந்தால் ஸ்கிப் செய்துவிட்டுப் பார்க்கலாம்.