பாட்டுக்குப் பின்னே: 10 டாலர் பாட்டும், வாங்க மறுத்த இருவரும்

உங்கள் கையில் சில பாட்டுகள் இருக்கின்றன. வரியும் நீங்களே, மெட்டும் நீங்களே. வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள். வாடகை கொடுக்கக் காசில்லை. ஒரு பாட்டுக்கு 10 டாலர் கிடைத்தாலும் இந்த வாரம் ஓடிவிடும். விற்பீர்களா?

1950-களின் கடைசியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் இந்த நிலையில்தான் நின்றார் ஓர் இளைஞர். 'எஸ்கொயர் பால்ரூம்' என்ற நடனக்கூடத்துக்குப் போய், அங்கே பாடிக்கொண்டிருந்த லாரி பட்லரிடம் தன் பாட்டுகளைப் பாடிக் காட்டினார். ஒன்று 10 டாலர், எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

பட்லர் எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு பிடிக்காததால் அல்ல. இவ்வளவு நல்ல பாட்டை இவ்வளவு மலிவாக விற்கக் கூடாது என்பதால்! 50 டாலர் கடனாகக் கொடுத்தார். தன் குழுவிலேயே வாரத்துக்கு ஆறு ராத்திரி பாடும் வேலையும் போட்டுக் கொடுத்தார்.

அந்த இளைஞரின் பெயர் வில்லி நெல்சன். பின்னாளில் கன்ட்ரி இசையின் பெருந்தலைகளில் ஒருவராக ஆனவர். 90 வயதைத் தாண்டியும் கிடாரோடு மேடை ஏறியவர். நீளமான இரட்டைப் பின்னல், தலையில் கட்டிய துணி, ஓட்டை விழுந்த பழைய கிடார் என்று அவருடைய படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த வாரக் கதை, அந்தப் புகழுக்கு முன்னால் நடந்தது.

பருத்திக்காட்டுப் பையன்

டெக்சாஸ் மாநிலத்தில் அபட் என்று ஒரு குட்டி ஊர். சில நூறு பேர்தான் வசிப்பார்கள். 1933-ல் அங்கே பிறந்தார் வில்லி. அப்பாவும் அம்மாவும் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போய்விட, அவரையும் அக்கா பாபியையும் வளர்த்தது தாத்தாவும் பாட்டியும்தான். தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். ஆறு வயதுப் பேரனுக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாட்டியோடு பருத்தி எடுக்கப் போன பையன், பத்து வயதிலேயே செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் போல்கா நடன இசைக்குழுவில் கிடார் வாசிக்க ஆரம்பித்தான். ஒரு ராத்திரி வாசித்தால், நாளெல்லாம் பருத்தி எடுத்ததைவிட அதிகக் காசு. வெயிலில் குனிந்து நிற்கவும் வேண்டாம். அப்புறம் யார் காட்டுக்குப் போவார்கள்?

ஆனால் வளர்ந்து, கல்யாணமாகி, நகரத்துக்கு வந்த பிறகு பாட்டு மட்டும் சோறு போடவில்லை. வீடு வீடாகப் போய் பைபிள் விற்றார், என்சைக்ளோபீடியா விற்றார், வேக்குவம் கிளீனர் விற்றார். ரேடியோவில் டிஸ்க் ஜாக்கியாக இருந்தார். ராத்திரியானால் பார்.

கம்பிவலைக்குப் பின்னால் பாட்டு

அந்த பார்களுக்கு 'ஹாங்கி டாங்க்' என்று பெயர். பீர், நடனம், சத்தம், அடிதடி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். ஃபோர்ட் வொர்த் நகரத்தில் வாசித்த காலத்தில், சில பார்களில் மேடைக்கு முன்னால் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்டியிருப்பார்களாம். அலங்காரத்துக்கு அல்ல. பறந்து வரும் பீர் பாட்டில் பாடகரின் மண்டையைப் பதம் பார்க்காமல் இருப்பதற்கு!

இந்த மாதிரி இடத்தில் ஒரு பாட்டு எழுதுபவரின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். வருகிறவர்கள் குடிக்கவும் ஆடவும் வருகிறார்கள். ரேடியோவில் கேட்டுப் பழகிய ஹிட் பாட்டு வேண்டும் அவர்களுக்கு. நடுவில் நீங்கள் எழுதிய பாட்டைப் பாடினால், பீர் வாங்கப் போக அதுதான் நல்ல நேரம் என்று எழுந்து போவார்கள்.

எஸ்கொயரில் ராத்திரி வேலை முடிந்ததும், பக்கத்திலிருக்கும் பாசடீனா என்ற ஊரில் எடுத்திருந்த வாடகை வீட்டுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போவார். அந்த ஊர் ரேடியோ நிலையத்தில் காலை ஒலிபரப்பைத் தொடங்கி வைக்கும் வேலையும் அவருடையதே. அப்படி ஒரு பயணத்தில் மனதில் வந்து விழுந்ததுதான் 'நைட் லைஃப்' என்ற பாட்டு. ராத்திரி வாழ்க்கை சுகமானது அல்ல, ஆனாலும் அதுதான் என் வாழ்க்கை என்று ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது மாதிரியான பாட்டு. பாரில் யாரும் கவனிக்காத மனிதர், அந்த பாரையே பாட்டாக்கிவிட்டார்.

50 டாலர், 150 டாலர்

பட்லர் தடுத்தார், சரி. ஆனால் எல்லோரும் பட்லர் இல்லையே.

ஹூஸ்டனில் பால் பஸ்கர்க் என்ற கிடார் கலைஞர் நடத்திய இசைப்பள்ளியில் வில்லி பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் 'ஃபேமிலி பைபிள்' என்ற பாட்டை 50 டாலருக்கு விற்றார். பாட்டி வீட்டில் பைபிள் வாசித்துப் பாடிய நாட்களின் நினைவில் எழுதிய பாட்டு அது. 1960-ல் கிளாட் கிரே என்ற பாடகர் குரலில் வெளிவந்து, கன்ட்ரி பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. இசைத்தட்டில் எழுதியவர் என்று மூன்று பெயர்கள் இருந்தன. வில்லி நெல்சன் என்ற பெயர் மட்டும் இல்லை.

'நைட் லைஃப்' கதை இன்னும் வேடிக்கை. அது 150 டாலருக்குப் போனது. வில்லியோடு ஒப்பந்தம் வைத்திருந்த இசைத்தட்டு நிறுவனக்காரருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, இது கன்ட்ரியே இல்லை என்று ஒதுக்கிவிட்டார். அதனால் வேறு ஒரு லேபிளில், 'ஹ்யூ நெல்சன்' என்ற பெயரில் வெளியிட வேண்டியிருந்தது. ஹ்யூ என்பது அவருடைய நடுப்பெயர். பிறகு ரே பிரைஸ் அதைப் பாடினார். பி.பி.கிங்கும் அரீத்தா ஃபிராங்க்ளினும்கூடப் பாடினார்கள். இந்தப் பாட்டிலாவது எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் தங்கியது.

50 டாலருக்கு விற்றது முட்டாள்தனமா? கணக்கைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1909-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு இசைத்தட்டு விற்றால் அதிலுள்ள பாட்டுக்கு ராயல்டி 2 சென்ட். 1978 வரை இந்தத் தொகை ஏறவே இல்லை! அந்த 2 சென்ட்டிலும் பாதி, பதிப்பு நிறுவனத்துக்குப் போவது வழக்கம். ஆக, எழுதியவருக்கு ஒரு தட்டுக்கு 1 சென்ட். 50 டாலர் சம்பாதிக்க 5,000 தட்டுகள் விற்க வேண்டும். அதற்கு முதலில் யாராவது அந்தப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும், அது ரேடியோவில் வர வேண்டும், அப்புறம் காசு வந்து சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பால் வாங்கவேண்டியதோ இன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி, அப்போது எல்லா பாரிலும் இருந்தது. ஒவ்வொரு முறை பாட்டு ஓடும்போதும் விழுந்த காசில் எழுதியவருக்குப் பங்கு கிடையாது. ஜூக்பாக்ஸுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. அதுவும் 1978-ல்தான் மாறியது.

எனவே வில்லியைக் குறை சொல்ல முடியாது. பஸ்கர்க்கையும் வில்லன் ஆக்க முடியாது. வேலை கொடுத்தவர், பணம் தேவைப்பட்டபோது பணம் கொடுத்தவர். வில்லியும் பின்னாளில் அதைப் பெரிய வருத்தமாகச் சொன்னதில்லை. அப்போது பணம் வேண்டியிருந்தது, என் பாட்டுக்கு விலை உண்டு என்ற நம்பிக்கையும் வந்தது என்ற அளவில்தான் பேசினார்.

நாஷ்வில்லின் ஊதா பார்

1960-ல் ஒரு பழைய ப்யூக் காரில் நாஷ்வில் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். கன்ட்ரி இசைக்கு அதுதான் தலைநகரம். 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற புகழ்பெற்ற ரேடியோ நிகழ்ச்சி அப்போது ரைமன் அரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அதன் பின்வாசலில் இறங்கி ஒரு சந்தைக் கடந்தால் 'டூட்சிஸ் ஆர்க்கிட் லவுஞ்ச்' பார். ஆர்க்கிட் பூவின் ஊதா நிறத்தில் பெயின்ட் அடித்த கட்டடம். அரங்கத்தில் பாடிவிட்டு வரும் நட்சத்திரங்களும், வாய்ப்புத் தேடும் புதுமுகங்களும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம்.

முதலாளியம்மா டூட்சி பெஸ் பற்றி ஏராளமான கதைகள் உண்டு. கலாட்டா செய்பவர்களைத் தொப்பி ஊசியால் குத்தி வெளியே அனுப்புவாராம். அதே கையால், காசில்லாத பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடும் போடுவார். கடன் சீட்டுகளை எல்லாம் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைப்பார். வசதி வந்த பாடகர்கள் சேர்ந்து அந்தச் சீட்டுகளை மொத்தமாக அடைத்துவிடுவார்கள் என்று சொல்வார்கள்.

அங்கேதான் ஹாங்க் காக்ரன் என்ற பாடலாசிரியர் வில்லியின் பாட்டுகளைக் கேட்டார். அவர் வேலை பார்த்த பேம்பர் மியூசிக் நிறுவனத்தில் அவருக்கு வாரம் 50 டாலர் சம்பள உயர்வு வந்திருந்தது. எனக்கு வேண்டாம், அந்தப் பணத்துக்கு இவரை வேலைக்கு எடுங்கள் என்று சிபாரிசு செய்தார். இந்தக் காலத்தில் இன்கிரிமென்ட் லெட்டரை வாங்கி இன்னொருவர் கையில் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பேம்பரில் பாட்டு எழுதும் அறை, ஒரு கராஜ். நான்கு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு. காக்ரன் ஒரு போன் பேசப் போய்த் திரும்புவதற்குள், அந்தச் சுவர்களோடு பேசுவது மாதிரியே ஒரு பாட்டை எழுதி வைத்திருந்தார் வில்லி. அதுதான் 'ஹலோ வால்ஸ்'.

இரண்டாவது முறை 'வேண்டாம்'

டூட்சிஸில் இந்தப் பாட்டைக் கேட்டார் ஃபேரன் யங். அப்போதே பெரிய நட்சத்திரம். சுவரோடு பேசுகிற பாட்டா என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர் கண்டுகொள்ளவில்லை, பதிவு செய்தார். தட்டு வெளிவந்து ராயல்டி வருவதற்குள் வில்லிக்கு மறுபடி பணமுடை. 500 டாலர் கொடுங்கள், பாட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஃபேரனிடமே கேட்டார்.

ஃபேரன் யோசித்திருந்தால் லாபக் கணக்குப் புரிந்திருக்கும். பாட்டு ஓடப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் பாட்டை வாங்கவில்லை. 500 டாலரைக் கடனாகக் கொடுத்து, இதை யாரிடமும் விற்காதே என்றார்.

1961-ல் 'ஹலோ வால்ஸ்' கன்ட்ரி பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. முதல் பெரிய காசோலை வந்ததும் வில்லி டூட்சிஸுக்கு ஓடி வந்து ஃபேரனைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாராம். கடனைப் பணமாகத் திருப்பித் தர வேண்டாம், எனக்கு ஒரு மாட்டைக் கொழுக்க வளர்த்துக் கொடு என்று ஃபேரன் சொல்லியிருந்தார். பல வருடங்கள் கழித்து, உயர்ந்த ஜாதிக் காளை ஒன்று ஃபேரன் வீட்டுக்கு வந்து இறங்கியது. அனுப்பியவர் வில்லி!

அதே 1961-ல், அதே டூட்சிஸில், பாட்ஸி கிளைன் என்ற பாடகியின் கணவர் வில்லியின் ஒரு பாட்டைக் கேட்டு, டேப்பை வீட்டுக்கு எடுத்துப் போனார். அது 'கிரேஸி'. ஜூக்பாக்ஸ்களில் மிக அதிகமாக ஓடிய பாட்டுகளில் ஒன்றாக இன்றும் சொல்லப்படுவது.

இன்று அந்தத் தெருவில்...

டூட்சிஸ் இருக்கும் பிராட்வே தெருவில் இன்று வரிசையாக பார்கள். காலையிலேயே பாட்டு ஆரம்பித்து நள்ளிரவு தாண்டியும் ஓடும். பெரும்பாலான இடங்களில் நுழைவுக்கட்டணம் இல்லை. ஒவ்வொரு குழுவும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வாசிக்கும், அதற்குக் கிடைப்பதில் பெரும்பங்கு கூட்டம் போடும் டிப்ஸ்தான். வாளி சுற்றி வரும், இப்போது க்யூஆர் கோடும் உண்டு. கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு கொண்டாட வரும் பெண்கள், காசு போட்டு விருப்பப் பாட்டு கேட்பார்கள். கேட்பதெல்லாம் பழைய ஹிட்டுகள். குட்டி ஊர்களிலிருந்து சொந்தப் பாட்டோடு வந்த பையன்களும் பெண்களும், அதைப் பாட்டுப்புத்தகத்திலேயே வைத்துவிட்டு மற்றவர்களின் பாட்டைப் பாடுகிறார்கள்.

சொந்தப் பாட்டைக் கேட்க வைக்க அதே நகரத்தில் வேறோர் இடம் இருக்கிறது. 1982-ல் தொடங்கிய 'ப்ளூபேர்ட் கஃபே'. நூறு பேர்கூட உட்கார முடியாத சின்ன அறை. அங்கே பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது, பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். பிராட்வேயில் வயிற்றுக்கு, ப்ளூபேர்டில் பாட்டுக்கு என்று இரண்டு இடத்துக்கும் அலைகிறவர்கள் உண்டு.

வில்லி நெல்சனின் திறமையைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர்கள் பட்லரும் ஃபேரனும்தான். மலிவாக ஒரு பொக்கிஷம் தானாகவே கைக்கு வந்தபோது, இது என்னுடையது அல்ல என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் வாங்கியிருந்தால் சட்டப்படி அதில் தப்பே இல்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பாட்டு எழுதும், படம் வரையும், வீடியோ எடிட் செய்யும் பிள்ளை ஒன்று இருக்கும். ஒருநாள் அவசரத்துக்குப் பணம் கேட்டு, பதிலுக்குத் தன் உழைப்பை அடிமாட்டு விலைக்கு நீட்டலாம். முடிந்தால் பணத்தைக் கடனாகக் கொடுங்கள். உழைப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். காளை வராவிட்டாலும் பரவாயில்லை!

அடுத்த வாரம் வேறொரு பாட்டின் கதையோடு சந்திப்போம்.