பட்டையின் அடியில் என்ன எண்?

வாட்ஸ்அப்பில் வரும் புள்ளிவிவரப் படங்களை அப்படியே நம்பலாமா? புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கே 7 வயது நிரம்பியவர்களில் 100-க்கு 77 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இதை ஒரே பட்டையாக வரைந்தால் குறை எதுவும் தெரியாது. இரண்டாகப் பிரித்தால்தான் ஆண்கள் சுமார் 86, பெண்கள் 69 என்ற உண்மை வெளியே வரும். 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்களின் மாவட்டம் இது. 2011-லும் மிச்சமிருந்த தூரம் அந்த இரண்டு பட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அதே படத்தில் அளவுகோலை பூஜ்யத்துக்குப் பதில் 60-ல் தொடங்கினால்? ஆண்களின் பட்டை, பெண்களுடையதைவிட கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரமாகிவிடும். எண் மாறவில்லை, படம்தான் மிரட்டுகிறது. இனி பட்டையின் உயரத்தைப் பார்க்கும் முன், அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள்!