கொறங்காடு தரிசு அல்ல

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் நிலம் விலை பேசுபவர்களிடம் ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும்: கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் சும்மா கிடக்கிற பூமி, ஷெட் போட்டால் வாடகையாவது வரும். காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரத்து மேய்ச்சல் காடுகள் மீதும் இதே பேச்சுதான்.

"சும்மா கிடக்கிறது" என்பது முதல் பிழை. சும்மா விட்டால் சீமைக்கருவேலம்தான் மண்டும். கொறங்காடு ஆள் கைபட்டு உருவானது: மேலே வெள்வேல், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டால் ஆட்டுக்குட்டிகூட நுழையாது. வெள்வேலுக்கு நாற்றங்காலும் வேண்டாம்; காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையோடு விழும் விதை மழையில் முளைத்துக்கொள்ளும்.

மரநிழலில் புல் வராது என்கிறார்கள். அடர்ந்த தோப்புக்கு அது சரி. வெள்வேலின் இலை பொடி இலை; மரங்களும் தள்ளித்தள்ளி நிற்கும். வெயில் தாராளமாகத் தரைக்கு இறங்கும். புல் காய்ந்துபோகும் கோடையில் வேலங்காயே தீவனம்.

மாடு மேய்ந்தால் நிலம் மொட்டையாகிவிடும் என்பது அடுத்தது. ஒரே இடத்தில் ஆண்டு முழுக்க மேயவிட்டால் ஆகும்தான். இங்கே காட்டைத் துண்டுகளாகத் தடுத்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுகிறார்கள். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். இருக்கிற ஆளெல்லாம் பனியன் கம்பெனிக்குப் போய்விடும் ஊர்களில் இது பெரிய லாபம்.

வருமானம் இல்லை என்பதில் பாதி உண்மை உண்டு. காங்கேயம் பசு கலப்பினப் பசு அளவுக்குக் கறக்காது. மழை பொய்த்தால் சோளத்தட்டை விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆனால் போர்வெல், உரம், ஆண்டுதோறும் உழவு எதுவும் இல்லை. கன்று, செம்மறி, குத்தகை என்று வரவு பல வழியில் வரும்.

இன்னொன்றும் உண்டு. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நொய்யல் ஆற்றுப் பாசனம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. மழையை மட்டும் நம்பும் கொறங்காட்டுக்கு அந்த ஆற்றுநீர் தேவைப்படவே இல்லை.

விற்க நினைப்பவர் ஷெட் வாடகையைக் கணக்குப் போடும் தாளிலேயே, காடு போனபின் ஓராண்டுக்கு வாங்க வேண்டிய தீவனத்தின் விலையையும் எழுதிப் பார்த்து முடிவெடுக்கட்டும்.