மானியத்தில் பவர் டில்லர், கழற்றுவதற்குச் சம்மட்டி

ஜவ்வாது மலையில் சாமை உழவு மழையை நம்பியது. மண்ணில் ஈரம் நிற்கிற சில நாட்களுக்குள் உழுது விதைத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த மழைவரை கைகட்டி நிற்க வேண்டியதுதான். சரிவிலும் கல்லுக்கு இடையிலும் துண்டு துண்டாகக் கிடக்கும் அந்தக் கொல்லைகளில் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லை. 12, 13 குதிரைத்திறன் கொண்ட பவர் டில்லர்தான் அங்கே பொருந்தும். அதை வாங்க ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் சிறு, குறு, பழங்குடி, பெண் விவசாயிகளுக்கு 50 விழுக்காடுவரை மானியம் தருகிறது. பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு அரசு கூடுதலாக 20 விழுக்காடு சேர்க்கிறது. நல்ல திட்டம், தொடர வேண்டியது. ஆனால் இயந்திரத்தைக் கொடுக்கும் கை, அதைக் கழற்றும் கருவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாஃப்ட்டில் இறுகிப்போன ஒரு புல்லியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது ஏன் அவசியம் என்பது விளங்கும்.

பவர் டில்லரில் எஞ்சினின் விசை வி-பெல்ட் வழியாகவே கிளட்ச் பக்கம் போகிறது. அந்தப் பாதையில் ஓர் ஆயில் சீலோ பேரிங்கோ போய்விட்டால், புதியது சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் முன்னால் இருக்கும் புல்லி வெளியே வந்தாக வேண்டும். பல மழைக்காலம் திறந்த கொட்டகையில் நின்ற வண்டியில் அது எளிதாக வராது. இரும்பு துருவாகும்போது பருத்துவிடும். சாஃப்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளியைத் துரு அடைத்துக்கொள்ளும். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினின் அதிர்வு போதாக்குறைக்கு இரண்டையும் தேய்த்துத் தேய்த்து நுண்ணிய இரும்புத் தூளை உள்ளே திணிக்கும். இந்த நிலையில் கையில் இருப்பது சம்மட்டியும் கடப்பாரையும் என்றால் என்ன நடக்கும்? வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பையும் அடியையும் தாங்காது. விளிம்பில் விழும் அடியில் புல்லி பிளந்துவிடும். பிளக்காவிட்டால் அடி சாஃப்ட் வழியாக உள்ளே இறங்கி, பேரிங் குண்டுகள் ஓடும் பாதையில் குழி போடும். அந்தக் குழி அன்றைக்குத் தெரியாது. சில வாரம் கழித்து இரைச்சலாக வெளிப்படும். சாஃப்ட் முனையில் மரை நசுங்கினால் அதுவே தனிச் செலவு. சில நூறு ரூபாய்ப் பழுது பல ஆயிரம் ஆவது இப்படித்தான்.

சரியான முறை அபூர்வ வித்தை அல்ல. முதலில் புல்லியைப் பிடித்திருக்கும் சிறு திருகைக் கழற்ற வேண்டும்; அதற்கு அடியிலேயே இரண்டாவது திருகு ஒளிந்திருக்கும் புல்லிகளும் உண்டு, அதைப் பார்க்காமல் இழுத்தால் சாஃப்ட்டில் கோடு விழும். துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட வேண்டும். பிறகு புல்லரைப் போட வேண்டும். அதன் கொக்கிகள் புல்லியைப் பின்னாலிருந்து பிடிக்க, நடு போல்ட் சாஃப்ட் முனையைத் தள்ளும். விசை முழுவதும் புல்லிக்கும் சாஃப்ட்டுக்கும் இடையிலேயே அடங்கிவிடுவதால் பேரிங்குக்குச் சேதமில்லை. அப்போதும் அசையவில்லையென்றால், டீசல் டேங்கையும் ரப்பர் சீலையும் காபந்து செய்துகொண்டு புல்லியின் குடத்தை மட்டும் சூடாக்கலாம். 25 மில்லிமீட்டர் துளையுள்ள வார்ப்பிரும்புப் புல்லி சாஃப்ட்டைவிட 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால், துளை ஏறத்தாழ 0.027 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆனாலும் பெரும்பாலும் அதுவே போதும்.

பழக்கமில்லாத கையில் புல்லரைக் கொடுத்தால் அதனாலும் உடையும், கம்பெனி மெக்கானிக்கிடம் விடுவதே மேல் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மெல்லிய விளிம்பில் கொக்கியை மாட்டினால் விளிம்பு பெயர்ந்துவிடும். அதற்கு அரை நாள் பயிற்சி மருந்து. கருவியை மறுப்பது மருந்தாகாது. அதோடு, மெக்கானிக் இருப்பது போளூரிலோ வாணியம்பாடியிலோ. மலைப்பாதையில் அவர் ஏறிவர ஒரு நாள், உதிரி பாகம் எடுத்துவர இன்னொரு நாள் என்று போனால் மண்ணின் ஈரம் காத்திருக்காது. வேலை நிற்கக் கூடாதென்று சம்மட்டியை எடுக்கும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது அதுதான். ஆளுக்கொரு கருவி வீண் செலவு என்ற ஆட்சேபமும் நியாயமே. அதனால்தான் நான் ஆளுக்கொன்று கேட்கவில்லை. புல்லரின் விலை சில நூறிலிருந்து ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்வரை. ஊராட்சிக்கு ஒரு செட், அதை உழவர் குழுவின் பொறுப்பில் வைத்தால் போதும்.

இதில் உற்பத்தியாளருக்கும் பங்குண்டு. கழற்ற முடிவதும் முடியாததும் வரைபடத்திலேயே தீர்மானமாகிற விஷயம். டேப்பர் புஷ் வைத்த புல்லிகளில் இறுக்கும் திருகைக் கழற்றி, அதற்கென்றே விட்டிருக்கும் இன்னொரு துளையில் போட்டு முறுக்கினால் புஷ் தானே விடுபடும். அவ்வளவுகூட வேண்டாம், சாதாரணப் புல்லியின் குடத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தாலே இரண்டு போல்ட்டில் இழுத்துவிடலாம். மானியப் பட்டியலில் இடம்பெற இதை ஒரு நிபந்தனையாக்க அரசுக்கு முழு உரிமை உண்டு, விலையில் பாதிவரையும், சிலருக்கு அதற்கு மேலும் கொடுப்பது பொதுப்பணம். 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் நலத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாய இயந்திரங்களுக்கான அத்தகைய சட்டம் 2024 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. இதே மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்து வருகிறது. அதன் ஆடியில் அலுமினியப் பூச்சு மங்கினால் மீண்டும் பூசுவதற்கான வெற்றிடக் கலன் அங்கேயே நிறுவப்பட்டிருக்கிறது. ஆடியை மலையிலிருந்து இறக்க வேண்டியதில்லை. தொலைவான இடத்தில் ஓர் இயந்திரத்தை வைப்பவர்கள் அதன் பராமரிப்பையும் அங்கேயே வைத்தாக வேண்டும் என்பது அந்த விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி உழுகிற விவசாயிக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாதா? வேளாண்மைப் பொறியியல் துறை வரும் ஆடி மாதத்துக்கு முன் ஜமுனாமரத்தூரில் ஒரு பயிற்சி நாளை வைக்கட்டும். பயிற்சி முடிந்து திரும்பும் ஒவ்வொரு ஊராட்சிக்காரர் கையிலும் ஒரு புல்லர் இருக்கட்டும்.