கடல் கடந்து வரும் கமரா

1959இல் யப்பானில் வெளிவந்த நிக்கோன் எஃப் கமராவை இன்று யாழ்ப்பாணத்து மாணவரும் இணையத்தின்வழி வரவழைக்கலாம். பல மாதச் சேமிப்பன்றோ அது! விற்பவர் காட்டும் படத்தில் உலோகம் பளபளக்கும். நாம் கேட்கவேண்டியதோ வில்லையின் உள்ளே யாது உளதென்பதே. ஒளிபுகும் துவாரத்தை முழுதும் திறந்து, பின்னிருந்து மின்சூள் ஒளி பாய்ச்சி எடுத்த படமொன்றை அனுப்பக் கேட்போமாக. சிலந்தி நூல்போல் ஏதும் தென்படின் அது பூஞ்சணம். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருக்கும், துடைத்தும் மீளாது. தோலுறை கிழிந்திருந்தாற்கூட நமக்குக் கவலையில்லை.

சுங்கத்தார் விலையோடு அனுப்புகூலியையும் காப்புறுதியையும் கூட்டியே வரி கணிப்பர் என்பதையும் மனத்திற் கொள்க. வந்துசேர்ந்த கமராவைத் தோலுறையோடு அலுமாரியிற் பூட்டிவைத்தல் ஆகாது. தோல் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குமுன், காற்றுப்புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்துவிடுவோம்.