இரண்டுக்கு ஒன்று

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் கதையைச் சொல்பவர்கள் 1869-இல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய கால்பந்தாட்டத்திலிருந்து தொடங்குவார்கள். அந்தக் கதையில் மாணவிகள் தலைகாட்டுவது அரிது. இது பெருங்குறை.

அளவுக்கு மீறிப் படித்தால் பெண்ணின் உடல் கெடும் என்று பாஸ்டன் மருத்துவர் எட்வர்டு கிளார்க் 1873-இல் புத்தகமே எழுதினார். பலர் நம்பவும் செய்தார்கள். அதற்குச் சரியான பதில் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தது. கூடைப்பந்து பிறந்த மறு ஆண்டே, 1892-இல், ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். முரட்டுத்தனம் கூடாதென்று ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். எதிரணியினர் கையிலிருந்து பந்தைப் பறிக்கத் தடை போட்டார். இன்றைய கண்ணுக்கு அவை கெடுபிடிகளாகவே தெரியும். ஆனால் அந்த விட்டுக்கொடுத்தல் இல்லாவிட்டால் மாணவிகளை அன்று ஆடவே விட்டிருக்க மாட்டார்கள்.

1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்போர்டு மாணவிகள் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவிகளைக் கூடைப்பந்தில் 2-1 என வென்றார்கள். அணிக்கு ஒன்பது பேர். பார்க்க வந்தவர்களும் பெண்களே, ஆண்களுக்கு அனுமதியில்லை.

ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-இலேயே சேர்ந்துவிட்டது. பெண்களை 1976 வரை காக்க வைத்தார்கள்.